ஷாங்காயா, சோங்சிங்கா, குவாங்சோவா? அத்தையின் முழங்காலோடு ஒரு சீனப் பயணம்

என் அத்தை மகன் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு மதுரையிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். அடுக்குமாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும் ரயில். கூடவே ஒரு வரி: "மச்சான், மே மாசம் நாங்க இங்கதான் போறோம்."

"நாங்க" என்றால் நாலு பேர். அவன், அவன் மனைவி, பத்து வயது மகள், அப்புறம் அவன் அம்மா, அதாவது என் அத்தை. அத்தைக்கு 67 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். படி ஏறாதீர்கள் என்று மருத்துவர் சொல்லி மூன்று வருஷமாகிறது. சுத்த சைவம், முட்டை வாசனைகூட ஆகாது. கையில் இருப்பது ஏழு நாள். போக வரக் கழித்தால் ஐந்தரை.

டைல்ஸ், குழாய்ச் சாமான் இறக்குமதி வேலையாக நான் குவாங்சோ பக்கம் பத்துப் பன்னிரண்டு முறை போயிருக்கிறேன். வேலை முடிந்த கையோடு ஷாங்காயில் இரண்டு தடவையும் சோங்சிங்கில் ஒரு தடவையும் தங்கியிருக்கிறேன். அதனால் சொந்தத்தில் யாருக்குச் சீனா ஞாபகம் வந்தாலும் என் போன்தான் அடிக்கும். அவனுக்கு அன்றிரவு எழுத ஆரம்பித்த பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

முதலில் கணக்கில் வராத ஊர்களைத் தள்ளிவிடுவோம். பெய்ஜிங் வேறு ரகம். அங்கே போகிறவர் பெருஞ்சுவருக்கும் அரண்மனைக்கும் போகிறார். அதை இந்தப் பட்டியலில் வைத்தால் மற்ற ஊர்களுக்கு நியாயமில்லை. ஷென்சென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டபோது சின்ன எல்லை ஊர்; 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 75 லட்சம் பேர். செல்போன் உதிரிபாகத்தில் மோகம் உள்ளவரை ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் விட்டால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். மற்றவர்களுக்கு ஒரு நாள் போதும். ஹாங்காங் போகிறவர்கள் அதிவேக ரயிலில் கால் மணி நேரத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மிச்சம் மூன்று. "நவீனச் சீனாவைப் பார்க்கணும்" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வதும் இந்த மூன்றைத்தான். ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது.

வீடியோவில் வந்த ஊர்

அந்த ரயில் நிலையம் சோங்சிங்கில் உள்ள லிட்ஸிபா. இரண்டாம் எண் மோனோரயில், 19 மாடிக் கட்டடம் ஒன்றின் நடுவயிற்றில் புகுந்து போகிறது. ஏதோ பழைய கட்டடத்தைக் குடைந்து ரயில் விட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மலைச்சரிவில் இடம் இல்லாததால் கட்டடத்தையும் நிலையத்தையும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டினார்கள். கீழே சாலையோரம் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மேடை இருக்கிறது. நான் போன அன்று அங்கே முன்னூறு பேராவது நின்றிருப்பார்கள். ரயில் வரும் நேரம் பார்த்து ஒவ்வொருவரும் பக்கவாட்டில் திரும்பி வாயைப் பிளக்கிறார்கள். எதிரே நிற்பவர் கோணம் பார்த்துப் படம் எடுத்தால், ரயிலை விழுங்குவது மாதிரி வரும். தாத்தா ஒருவர் நாலு முறை வாயைப் பிளந்தும் பேத்திக்குத் திருப்தி வரவில்லை. எனக்கு ரயிலைவிட அவரைப் பார்க்கத்தான் நன்றாக இருந்தது.

சோங்சிங் நிர்வாகக் கணக்கில் ராட்சதன். 1997இல் சிச்சுவானிலிருந்து பிரித்து நேரடியாக மத்திய அரசின் கீழ் வைத்தார்கள். பரப்பளவு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆஸ்திரியா நாட்டின் அளவு; மக்கள் 3 கோடியே 20 லட்சம். உலகத்திலேயே பெரிய நகரம் என்று வீடியோக்காரர்கள் அடித்துவிடுவது இதை வைத்துத்தான். அதில் பெரும்பகுதி மலையும் வயலும் கிராமமும். சுற்றுலாப் பயணி பார்ப்பது யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் யூஜோங் பகுதியையும் அதன் எதிர்க்கரைகளையும் மட்டுமே. அந்த மூக்கின் நுனிதான் சாவோதியன்மென் துறை. அங்கே நின்றால் ஓர் ஆறு கலங்கலாகவும் இன்னொன்று பச்சையாகவும் வந்து சேர்வது தெரியும். துறைக்கு மேலே சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸை வடிவமைத்த மோஷே சாஃப்டியின் இன்னொரு கட்டடம், 2019இல் திறந்தது. 250 மீட்டர் உயரத்தில் கோபுரங்களின் தலைமேல் 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலத்தைப் படுக்க வைத்திருக்கிறார்.

இந்த ஊரில் தரை எது என்பதே தகராறு. நான் தங்கப் போன விடுதிக்குக் கைபேசி வரைபடம் முந்நூறு மீட்டர் என்றது. நடந்தேன். "வந்துவிட்டீர்கள்" என்றது. நான் நின்றது ஒரு மேம்பாலத்தில். விடுதியின் வாசல் எனக்கு நேர் கீழே, ஏழெட்டு மாடி இறக்கத்தில் இருந்தது. ஒரு கையில் பெட்டி, மறுகையில் கைப்பிடிச் சுவர். பாசி பிடித்த கல்படி, ஒருவர் வீட்டுக் கொல்லை, துணி காயும் கொடி, சீட்டாடும் நாலு பேர், மறுபடி படி. பாதி வழியில் ஒரு பெரியவர் என் பெட்டியைக் காட்டிக் கையை நீட்டினார். தோளில் மூங்கில் கழி. பாங்பாங் என்று சொல்லும் சுமைக்காரர்கள். முன்பு ஊர் முழுக்க இருந்தவர்கள், இப்போது வயதானவர்கள் சிலர்தான் மிச்சம். பெட்டியைக் கழியின் ஒரு முனையில் கட்டி, மறுமுனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னைவிட வேகமாக இறங்கிப் போனார்.

அங்கே இருந்த மூன்று நாளும் உச்சிப்பிள்ளையார் கோயிலை தினம் இரண்டு தடவை ஏறி இறங்கிய மாதிரி இருந்தது. லிஃப்ட், எஸ்கலேட்டர் இல்லாமல் இல்லை. லியாங்லுகோ பக்கம் 112 மீட்டர் நீளத்துக்கு ஓர் எஸ்கலேட்டரே போக்குவரத்துச் சாதனமாக ஓடுகிறது. டிக்கெட் 2 யுவான். ஹோங்யான்சுன் மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே 100 மீட்டருக்கும் மேல் ஆழம்; எஸ்கலேட்டர் மாறி எஸ்கலேட்டர் ஏறி வெளிச்சத்தைப் பார்ப்பதற்குள் பேச்சுத் துணைக்கு ஆள் தேடத் தோன்றும். குய்சிங்லோ என்ற கட்டடத்தில் ஒரு பக்கச் சாலையிலிருந்து நுழைந்து, சமதளமான முற்றத்தில் நடந்து, கைப்பிடிச் சுவர் வழியே எட்டிப் பார்த்தால் 22ஆம் மாடியில் நிற்கிறோம். மகளுக்கு இதெல்லாம் விளையாட்டு மைதானம். அத்தைக்கு?

இரவில் ஹோங்யாதோங் இருக்கிறது. பழைய முட்டுக்கால் வீடுகளின் பாணியில் 2006இல் ஆற்றங்கரைப் பாறையோடு ஒட்டிக் கட்டிய 11 மாடி வளாகம். முதல் மாடியிலும் சாலை, பதினோராவது மாடியிலும் சாலை. விளக்குப் போட்டதும் மொத்தக் கட்டடமும் தங்கம் உருக்கி ஊற்றியது போல ஆகிவிடும். உள்ளே போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். உள்ளே கடைதான், நெரிசல்தான். சியன்சிமென் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதுதான் காட்சி. பெரிய விடுமுறைகளில் கூட்டம் தாங்காமல் அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாங்சியைக் கடக்கும் ரோப்காரும் (1987இல் ஊர்மக்கள் ஆற்றைக் கடப்பதற்காகப் போட்டது, 1,166 மீட்டர்) இப்போது வரிசையில் நிற்பதற்கே அரை நாள் கேட்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சோங்சிங் என்றாலே ஹாட்பாட். நடுவில் கொதிக்கும் சிவப்புக் குழம்பு, அதில் வாத்துக் குடல், மாட்டு இரைப்பை என்று ஒவ்வொன்றாக முக்கி எடுத்துச் சாப்பிட வேண்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த ஊர்தான் சீனாவின் தலைநகர். ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பயந்து மலையில் குடைந்த பதுங்கு சுரங்கங்களில் இன்று ஹாட்பாட் கடைகள் நடக்கின்றன. அசைவர்களுக்கு இது சொர்க்கம். மிளகாய்க் காரம் நமக்குப் புதிதில்லை. சிச்சுவான் மிளகு உதட்டையும் நாக்கையும் மரத்துப்போக வைப்பதுதான் புதிது. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் வீட்டில் சொல்லிவிடவேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சிவப்புக் குழம்பின் அடிப்படை எண்ணெய் மாட்டுக்கொழுப்பு. "நான் காளானும் கீரையும்தான் முக்கினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாட்டிறைச்சி சாப்பிடாத அசைவக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம் கேட்டால் ஒரு பக்கம் வெள்ளைக் குழம்பு ஊற்றுவார்கள். அது பெரும்பாலும் எலும்புச் சாறு. தக்காளி அல்லது காளான் குழம்பு என்று தனியாகக் கேட்டு, அதிலும் விசாரித்து வாங்கவேண்டும். காலை உணவான சியாவ்மியன் என்ற கார நூடுல்ஸிலும் பன்றிக்கொழுப்பு ஒரு கரண்டி விழும். புத்தர் கோயில்களை ஒட்டிச் சைவக் கடைகள் உண்டு. பசிக்கும் போதெல்லாம் கோயிலைத் தேடி மலை ஏற முடியுமா?

இத்தனையும் சொன்னாலும், எனக்குப் பிடித்த ஊர் எது என்று கேட்டால் சோங்சிங் என்றுதான் சொல்வேன். முழங்கால் தெம்பாக இருக்கிற, எதையும் சாப்பிடுகிற, தொலைந்துபோனால் எரிச்சலடையாத இரண்டு பேருக்கு இதற்கு இணையான ஊர் மூன்றில் வேறு இல்லை. விடுதியும் சாப்பாடும் ஷாங்காயைவிட மலிவு. கூடுதலாக ஒரு நாள் இருந்தால் தாசு பாறைச் சிற்பங்களைப் பார்க்கலாம். 9 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை செதுக்கியவை, 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அங்கே அவலோகிதர் என்ற போதிசத்துவருக்கு ஆயிரம் கைச் சிலை உண்டு. பல வருஷம் சீரமைப்பு நடந்தபோது எண்ணிப் பார்த்தார்கள், 830 கைதான்.

ஷாங்காய், தட்டையான ஊர்

ஷாங்காயின் பெரிய நற்குணம் என்னவென்று கேட்டால் தரை மட்டமாக இருப்பதுதான் என்பேன். சிரிக்காதீர்கள். யாங்சி கழிமுகத்து வண்டல் மண். மேடு பள்ளமே கிடையாது. வயதானவரோடு போகும்போது இந்த ஒன்றே பாதிச் செலவைக் குறைக்கும், ஏனென்றால் களைத்துப்போய் டாக்ஸி தேடுவது குறையும்.

வாய்டான் (ஆங்கிலத்தில் பண்ட்) என்ற ஆற்றங்கரை நடைபாதை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒரு பக்கம் 1920களில் எழும்பிய வங்கிகள், சுங்க மாளிகை, ஹோட்டல்கள். ஹுவாங்பூ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூதோங்கின் கோபுரங்கள். 1990இல் பூதோங்கை வளர்க்கப்போவதாக அரசு அறிவிக்கும் வரை எதிர்க்கரையில் இருந்தது பெரும்பாலும் கிடங்கும் ஆலையும் வயலும். 1994இல் 468 மீட்டர் முத்துக் கோபுரம், 1999இல் ஜின்மாவ், 2008இல் 492 மீட்டரில் பாட்டில் திறப்பான் வடிவக் கோபுரம், 2015இல் 632 மீட்டர் ஷாங்காய் டவர். முப்பது வருஷத்துக்குள் ஒரு கரை இன்னொரு கரையைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. இரவு பத்து மணியளவில் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒன்பதரைக்குச் சாவகாசமாகக் கிளம்பிப் போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

பழைய கரையில் நமக்கும் ஒரு கசப்பான சம்பந்தம் உண்டு. பச்சைக் கூரை போட்ட அமைதி ஹோட்டல் 1929இல் விக்டர் சசூன் கட்டியது. அந்தக் குடும்பத்தின் செல்வம் பம்பாயில் இருந்து, பஞ்சு வியாபாரத்தோடு அபினியையும் ஏற்றி விற்று வந்தது. அன்னியர் குடியிருப்புப் பகுதியில் போலீஸ் வேலைக்குச் சீக்கியர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பழைய ஷாங்காய்ப் புகைப்படங்களில் தலைப்பாகையோடு போக்குவரத்தை நிறுத்திக்கொண்டிருக்கும் ஆள் நம் நாட்டுக்காரர்.

ஆற்றில் உல்லாசப் படகு இருக்கிறது, நல்ல விலைக்கு. ஊர்க்காரர்கள் கடக்கிற படகும் இருக்கிறது, 2 யுவானுக்கு. ஒரு யுவான் 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நம் கணக்கில் ஒரு டீ. நான் சாயங்காலம் ஐந்தரைக்கு ஏறினேன். மின்சார ஸ்கூட்டர்களை உருட்டிக்கொண்டு இருபது முப்பது பேர், கைப்பிடியில் தொங்கும் காய்கறிப் பை, வேலை முடிந்த முகங்கள். நான் ஒருத்தன்தான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஏழெட்டு நிமிடத்தில் அந்தக் கரை. உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் படி ஏற வேண்டியதில்லை.

மகளுக்கு இங்கே விஷயம் நிறைய. 2016இல் திறந்த டிஸ்னிலேண்ட் இருக்கிறது. ஒரு நாள் முழுதாகப் போய்விடும், வரிசையில் பாதி. விமான நிலையத்திலிருந்து காந்தவிசை ரயில் 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும். முன்பு மணிக்கு 431 கிலோமீட்டர் போனது. இப்போது 300தான் ஓட்டுகிறார்கள். டிக்கெட் 50 யுவான். அது ஊரின் நடுவுக்குப் போகாது, லோங்யாங் சாலை வரைதான், அங்கிருந்து மெட்ரோ. பெட்டி படுக்கை, அத்தை எல்லாம் இருந்தால் வரும்போது டாக்ஸி பிடித்து, திரும்பும்போது இதில் போவது நல்லது.

சைவத்துக்கும் ஷாங்காய் மோசமில்லை. குங்தலின் என்ற சைவ உணவகம் 1922இலிருந்து நடக்கிறது. பௌத்தச் சைவம் என்பதால் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்; ஏகாதசி அன்றைக்கும் அத்தை உட்காரலாம். ஒரே சிக்கல், அவர்கள் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் வாத்து மாதிரி, மீன் மாதிரி செய்து, தோலின் புள்ளி வரை தத்ரூபமாகத் தட்டில் வைப்பார்கள். அது வாத்து இல்லை என்று அத்தையை நம்பவைப்பது தனி வேலை. பச்சைமரகதப் புத்தர் கோயிலில் சைவ நூடுல்ஸ் கிடைக்கும். அங்குள்ள வெண்பச்சைக் கல் புத்தர் 19ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து வந்தவர். இந்திய உணவகங்களும் உண்டு, ஆனால் விலையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இன்னொரு வசதி, பக்கத்து ஊர்கள். சுசோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். குளம், பாறை, வளைந்த கூரை, உட்கார ஏராளமான திண்ணை. அத்தை மாதிரி ஆளுக்கு ஷாங்காய் டவரின் 118ஆம் மாடியைவிட அந்தத் திண்ணை பிடிக்கும் என்று நினைக்கிறேன். மெட்ரோவிலேயே சூஜியாஜியாவ் என்ற கால்வாய்க் கிராமத்துக்கும் போய்வரலாம்.

குறை? செலவு அதிகம். இரண்டாம் நாள் மாலையில், சிங்கப்பூரையும் துபாயையும் பார்த்தவர்களுக்கு, "சரி, பெரிய ஊர்" என்று ஒரு சலிப்பு வரலாம். அதற்கு மருந்து, கடைவீதியை விட்டுவிட்டுப் பழைய பிரெஞ்சுப் பகுதியில் மரநிழலில் நடப்பது. பெரிய மெட்ரோ சந்திப்புகளில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற அரை கிலோமீட்டர் நடக்கவேண்டி வரும். தட்டையான நடைதான், ஆனாலும் நடை. அப்புறம் நான்ஜிங் சாலையில் நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் தானாக வந்து பழகி, "தேநீர்ச் சடங்கு பார்க்கலாம், வாங்க" என்றால் புன்னகைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பில் ஆயிரக்கணக்கில் வரும் பழைய வித்தை அது.

குவாங்சோவை ஏன் யாரும் கேட்பதில்லை

எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் இதுதான். தமிழ்நாட்டு வியாபாரிகள் பலருக்குச் சீனா என்றால் குவாங்சோதான். 1957இலிருந்து வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நடக்கும் கேன்டன் பொருட்காட்சிக்கு வந்து, மொத்தவிலைச் சந்தைகளைச் சுற்றி, இந்தியக் கடையில் சப்பாத்தி சாப்பிட்டுத் திரும்புவோம். சுற்றிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குபவர்கள் குறைவு. நானே நாலாவது பயணத்தில்தான் ஒரு நாள் லீவு போட்டேன்.

அந்த நாளில் போனது ஹுவாலின் கோயில். மரகதக் கல் கடைகள் அடைத்துக்கொண்ட சந்துக்குள் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழி வந்த போதிதர்மர் 6ஆம் நூற்றாண்டில் இங்கேதான் கரையேறினார் என்பது மரபு. அந்த இடத்துக்கே "மேற்கிலிருந்து வந்தவர் முதலில் மிதித்த மண்" என்று பெயர். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்று நாம் சொல்கிறோம். சீனக் குறிப்புகளிலேயே மிகப் பழையது அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்து வந்தவைதான் தென்னிந்தியர் என்கின்றன. எதுவோ, கோயில் வாசலில் நின்று "எங்க ஊர்க்காரர்" என்று காவலாளியிடம் சைகையில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு டிக்கெட் வாங்கும் இடத்தைக் காட்டினார்.

தெருவெல்லாம் ஆலமரம். விழுது தொங்கும் மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சீனாவில் இருப்பதாகவே தோன்றாது. சாப்பாட்டில் காரமில்லை, எண்ணெய் குறைவு. அரைத்த அரிசி மாவைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தரும் ச்சாங்ஃபன் என்ற பலகாரத்தை, உள்ளே எதுவும் வைக்காமல் வெறுமனே வாங்கிச் சாப்பிட்டால் இடியாப்ப மாவு ஞாபகம் வரும். 600 மீட்டர் கேன்டன் டவர் இருக்கிறது. பழைய ஐரோப்பியக் கட்டடங்கள் நிற்கும் ஷாமியான் தீவு இருக்கிறது. குழந்தைகளுக்கு சிமெலாங் சஃபாரி இருக்கிறது, 2014இல் பிறந்த மூன்று பாண்டாக்குட்டிகள் பிரபலமான இடம். 2020இல் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோவில்தான் மறுபடி தொடங்கின.

பிறகு ஏன் இதைச் சொல்லவில்லை? மே மாதம். குவாங்சோவில் அது மழையும் புழுக்கமும். மதுரை வெயிலிலிருந்து தப்பிக்கக் காசு செலவழித்து இன்னொரு புழுக்கத்துக்குள் போவானேன்? நவம்பர், டிசம்பரில் போகிற, குறைந்த செலவில் முடிக்க நினைக்கிற குடும்பம் என்றால் முதலில் குவாங்சோவைத்தான் சொல்லியிருப்பேன். பொருட்காட்சி நாட்களைத் தவிர்க்கவேண்டும். அப்போது விடுதி வாடகை கேட்டால் தலை சுற்றும்.

எந்த ஊரானாலும்

நம் பள்ளி விடுமுறையும் அவர்கள் விடுமுறையும் முட்டிக்கொள்வதுதான் பலருக்குத் தெரியாத வில்லங்கம். காலாண்டு விடுமுறை, ஆயுதபூஜை என்று நாம் கிளம்பும் நேரத்தில், அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனாவே தெருவில் நிற்கும். மே மாதத்திலும் முதல் ஐந்து நாள் தொழிலாளர் தின விடுமுறை. அதைத் தாண்டிப் போங்கள். ஜூன் நடுவிலிருந்து ஷாங்காயில் மழைக்காலம். ஜூலை, ஆகஸ்ட் சோங்சிங் 40 டிகிரியைத் தாண்டும். 2022இல் அதன் பெய்பெய் பகுதியில் 45 டிகிரி அடித்தது. கத்திரி வெயிலில் வளர்ந்தவனுக்குக்கூட அது மரியாதையான வெயில் இல்லை.

விசா இல்லாமல் பத்து நாள் சுற்றலாம் என்று சொல்லும் வீடியோக்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்களுக்கானவை. இடைத்தங்கல் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசாவையே 2025 ஜூலையில்தான் மறுபடி திறந்தார்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் 30 நாள் விசா இல்லாமல் வருவார்கள். அவர்களைப் பார்த்து நாமும் டிக்கெட் போட்டுவிடக் கூடாது.

காசு விஷயத்தில் கைபேசிதான் பர்ஸ். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் நம் விசா, மாஸ்டர் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். ஊரிலேயே உட்கார்ந்து, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு, ஓடிபி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் முதல் தடவை இதைச் செய்யாமல் போய், ஒரு தண்ணீர் பாட்டிலுக்குக் கார்டு நாலு முறை மறுக்கப்பட்டு, கடைக்காரம்மா பரிதாபப்பட்டுச் சும்மா கொடுத்தார். வாட்ஸப், கூகுள் அங்கே திறக்காது. நம் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் திறக்கும். விடுதி வைஃபையில் திறக்காது. சீன முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானத்தில் 2025 ஜூனிலிருந்து விடுவதில்லை, ஒன்றைப் பறிகொடுத்துவிட்டேன். வெளிநாட்டவரை ஏற்கமாட்டோம் என்று கடைசி நேரத்தில் கைவிரித்த ஒரு சின்ன விடுதியாலும் நள்ளிரவில் தெருவில் நின்றிருக்கிறேன். அதனால் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட் விவரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

அத்தைக்கு மகிழ்ச்சியான செய்தி, சீனாவில் வெந்நீர் எங்கும் கிடைக்கும். ரயில் பெட்டியில், நிலையத்தில், விடுதி அறையில். உப்புமா பொடி நாலு பொட்டலம் இருந்தால் பட்டினி இல்லை. "வோ ச்சிர் ஸு" என்றால் நான் சைவம். எழுதிய சீட்டைக் காட்டுவது இன்னும் மேல். அதில் இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, விலங்குக் கொழுப்பு, சிப்பிக் குழம்பு என்று தனித்தனியாக எழுதியிருக்கட்டும். வெறுமனே சைவம் என்றால் கறித்துண்டை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் அனுப்பிவிட்டு, கடைசியில் எழுதினேன்: ஷாங்காயில் ஐந்து இரவு, நடுவில் ஒரு நாள் சுசோ. மே 10க்கு மேல். சோங்சிங்கைச் சேர்த்துக்கொள்ளாதே, விமானத்தில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், விமான நிலையத்தில் இரண்டிரண்டு மணி நேரம் என்று ஒரு நாளையே தின்றுவிடும்.

அவனுக்கு முகம் தொங்கிவிட்டது, போனிலேயே தெரிந்தது. "ரயில் மச்சான்…" என்றான். நீயும் தங்கச்சியும் அடுத்த வருஷம் தனியாகப் போய் வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பின்னால் மகள், "மாமா, டிஸ்னி உண்டுல்ல?" என்று கத்தினாள்.

அப்புறம் போன் அத்தை கைக்குப் போனது. இவ்வளவு எழுதியதில் அவரை உறுத்தியது ஒன்றுதான்.

"தயிர் கிடைக்குமாடா அங்க?"

"கிடைக்கும் அத்தை. எல்லாக் கடையிலும் இருக்கும். சக்கரை போட்டிருப்பான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தயிர்ல சக்கரையா? சரி, மோர் மிளகாய் கொண்டுபோகலாமான்னு கேட்டுச் சொல்லு."